பணிப்பெண் வேஷம் யாருக்கு?

வாசகர் கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர், பாலிடெக்னிக் காலத்து நண்பர்கள். சனிக்கிழமை இரவு புரோட்டாக் கடையில் கூடினால், சோழர் காலத்துக் கதையில் நாமெல்லாம் இருந்திருந்தால் யாருக்கு என்ன பாத்திரம் என்று பேசிச் சிரிப்பது கொஞ்ச காலமாக எங்கள் விளையாட்டு. ஒருவன் ராஜா, ஒருத்தி சதிகார ராணி, எப்போதும் தாமதமாக வருகிறவன் போருக்கும் தாமதமாக வரும் தளபதி. போன முறை ஒரு தோழியைக் காட்டி, "நீ பணிப்பெண், வேற யாரு?" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை. டிசம்பரில் சமூக மன்றத்தில் ஓர் அறை எடுத்து, உடை போட்டு, இதையே ஒரு மாலை முழுக்க நடித்துப் பார்க்கத் திட்டம். என் கணவர் சீனர், அவரும் கலந்துகொள்வார். பாதிப் பேருக்குச் செந்தமிழ் வராது. யாரும் மனம் நோகாமல் வேஷம் பிரிப்பது எப்படி? கதை, உடை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள். (சிங்கப்பூர், செங்காங் வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உடையும் சாப்பாடும் பிறகு. முதலில் உங்கள் தோழி விஷயம். பணிப்பெண் என்பது கேவலமான வேஷம் இல்லை. நாடகத்தில் நிறைய நேரம் மேடையில் நிற்பதும் எல்லா ரகசியமும் காதில் விழுவதும் அவளுக்குத்தான். அவரைக் குத்தியது அந்த "வேற யாரு?" என்ற இரண்டு சொல்லாக இருக்கும். புரோட்டாக் கடையில் டிஷ்யூ எடுத்து வருவது, பில்லைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கணக்குச் சொல்வது, கடைசி ரயிலைத் தவறவிட்டவரைக் காரில் கொண்டுபோய் விடுவது, இதெல்லாம் உங்கள் கூட்டத்தில் யார் வேலை என்று யோசித்துப் பாருங்கள். அவர் வேலையென்றால், நீங்கள் வேஷம் கொடுக்கவில்லை. அவரை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று பதினொரு பேர் சேர்ந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள்.

நண்பர்கள் விளையாட்டாக வேஷம் பிரிக்கும்போது வரும் சிக்கல் எல்லாமே இந்த ஒரே இடத்தில்தான் முளைக்கிறது. ஆளைப் பார்த்து, ஆளுக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று பாத்திரம் சொல்கிறோம். குண்டாக இருப்பவர் விதூஷகன். நிறம் குறைந்தவர் வாயிற்காவலன் அல்லது அசுரன். நாற்பதாகியும் கல்யாணம் ஆகாதவர் சந்நியாசினி. பணக்காரர் எப்போதும் ராஜா. சொல்கிறவருக்கு அது சிரிப்பு. கேட்கிறவருக்கு வருஷக் கணக்காகக் கேட்டுக் கேட்டுப் புளித்த வசவு, இப்போது பட்டுக் கட்டி வருகிறது. மேடைக்காரர்கள் வேஷம் பிரிக்கும்போது கேட்கும் கேள்வி வேறு: இந்த ஆளுக்கு எதைச் செய்து பார்க்க ஆசை? வீட்டில் வாய் திறக்காதவருக்குச் சபையில் எதிர்த்துப் பேசும் வேஷமும், அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவருக்கு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒற்றன் வேஷமும் கிடைத்தால் அந்த மாலை களைகட்டும்.

அதனால் தோழிக்கு இந்த வாரமே போன் போடுங்கள். "அன்னைக்குச் சொன்னது சரியில்லை, எனக்கே அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றால் போதும். குறுஞ்செய்தி வேண்டாம், சிரிப்புப் பொம்மை போட்டு மழுப்பவும் வேண்டாம். முக்கியமாக, "இனிமே நீதான் ராணி" என்று பதவி உயர்வு கொடுத்துவிடாதீர்கள். அது இரக்கம் காட்டுவதாகத்தான் விழும்.

இனி எல்லாருக்கும் பொதுவான முறை. ஒரு மாதம் முன்னால் ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள். மூன்றே வரி எழுதச் சொல்லுங்கள். என் பாத்திரம் செய்ய ஆசைப்படும் காரியம் ஒன்று: பொய் சொல்ல, பேரம் பேச, தீர்ப்புச் சொல்ல, ஒட்டுக்கேட்க, எதையாவது திருட. எனக்கு வேண்டாத வேஷம் ஒன்று, காரணம் எழுத வேண்டாம். கதையில் வரவே கூடாத விஷயம் ஒன்று. இந்த மூன்றாவது வரிதான் உயிர்நாடி. குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவர் வாரிசுச் சண்டையை வைத்து விளையாட விரும்பமாட்டார். மணமுறிவு நடந்துகொண்டிருப்பவருக்கு அந்தப்புரப் பொறாமை வேடிக்கையாக இருக்காது. சீட்டுகளை ஒரே ஒருவர் மட்டும் வாங்கிப் படித்து, கதை எழுதியதும் கிழித்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நீங்கள் நடிக்க முடியாது, அது தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். எல்லா ரகசியமும் தெரிந்தவர் நடித்தால் கதை கலகலத்துவிடும்.

ஒரே வேஷத்துக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் சுபாவமுள்ளவர்தான் எப்போதும் தோற்பார். அதற்குச் சோழர் காலமே வழி வைத்திருக்கிறது: குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டப்பட்டவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை விவரிக்கின்றன. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை. உங்கள் பில் பாக்கிக்காரர்களுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். யாராவது ஒருவரின் குழந்தையை வைத்து எடுங்கள். எடுத்த பிறகும் இரண்டு நாளுக்குள் ஒரு முறை மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள்.

கதைக்கு வருவோம். பதினோரு பேரும் அரசன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் கதை எழுதாதீர்கள். சினிமா பார்த்துப் பழகியதால் எல்லாரும் போர், முடிசூட்டு, காதல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓர் அறையில் மூன்று மணி நேரம் ஓடுவதற்கு அதைவிட ஓர் ஓலை நல்ல கரு.

சோழர் நிர்வாகத்தில் அரசன் வாயால் சொல்லும் ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுவார், ஓலைநாயகம் சரிபார்ப்பார், பிறகு வரிக் கணக்கு பார்க்கும் அதிகாரிகள் கைக்குப் போய் வரிப்பொத்தகத்தில் ஏறும். ஆக ஓர் ஆணை நான்கைந்து கை மாறுகிறது. நில அளவையில் வேலியில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி. அரசன் சொன்னது மூன்று மா. பொத்தகத்தில் இருப்பது மூன்று காணி. முக்கால்வாசி நிலம் காணாமல் போய்விட்டது. மாற்றியது யார், யாருக்காக? இது போதும், மூன்று மணி நேரம் ஓடும்.

நிலம் யாருக்கு என்பதிலும் நம் பக்கத்து வாசனை சேர்க்கலாம். நாகப்பட்டினத்தில், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த உறவே பிறகு கெட்டு, 1025 வாக்கில் ராஜேந்திரன் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் கப்பற்படை அனுப்பியதும் தெரிந்ததுதான். ஆனைமங்கலத்தை அப்படியே எடுக்காமல், கற்பனையாக ஓர் ஊர்ப் பெயர் வைத்து, அந்தக் காலத்து நட்பும் சந்தேகமும் கலந்த சூழலை மட்டும் கடன் வாங்குங்கள்.

இதில் அரசனுக்குத்தான் மிகக் குறைந்த வேலை; உட்கார்ந்து கேட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். கூச்சம் உள்ளவருக்கு அரசன் வேஷம் பொருந்துவது இதனால்தான். அரசனின் அக்காள், ஓலை எழுதுபவர், ஓலைநாயகம், வரிப்பொத்தகக் கணக்கர், கோயில் பண்டாரக் கணக்கர், ஊர்ச்சபைக்காரர், ஐந்நூற்றுவர் குழுவைச் சேர்ந்த கடல் வணிகர், கடாரத்துத் தூதர், தளிச்சேரிப் பெண் (கோயிலைச் சேர்ந்த ஆடல் பெண்), மொழிபெயர்ப்பாளர், அந்தப்புரப் பணிப்பெண் என்று சேர்த்தால் பன்னிரண்டு வேஷம் ஆகிறது. உங்கள் கணவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர், கதை நடத்துகிற ஒருவர் போக, சரியாக வரும்.

தளிச்சேரிப் பெண் வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கேலியாகக் கொடுக்க யாராவது கை தூக்குவார்கள், விடாதீர்கள். தஞ்சைக் கல்வெட்டு நானூறு பெண்களின் பெயரையும் வீட்டையும் வரிசையாகக் குறித்து, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த நெல் வரும் நிலத்தில் கை வைத்தவனைச் சும்மா விடாத பெண்ணாக எழுதுங்கள். வேஷத்துக்குப் போட்டியே வரும்.

ஆளுக்கொரு அட்டை, எண்பது சொல்லுக்குள். நான் யார், எனக்கு என்ன வேண்டும், நான் மறைப்பது என்ன, யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய காரியம் என்ன. இந்த ஐந்தாவது இல்லாமல் போனால் எல்லாரும் சுவரோரம் நின்று ஒருவர் நகையை ஒருவர் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். "ஓலைநாயகத்திடம் போய் ஒரு மோதிரத்தைக் கொடு, யார் கொடுத்தது என்று சொல்லாதே" என்பது மாதிரி, கையால் செய்யும் காரியமாக இருக்கட்டும்.

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் அட்டையின் மூன்றாவது வரி, மறைப்பது என்ன என்பது. ஒரு ரகசியம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அது வெளியே வரவே வராது. அவர் அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு ரகசியமும் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும், அந்த இருவரின் நோக்கமும் வேறாக இருக்க வேண்டும். கணக்கர் எண்ணை மாற்றியதைப் பணிப்பெண் பார்த்திருக்கிறாள். கணக்கருக்கு அது மறைய வேண்டும். பணிப்பெண்ணுக்குத் தன் தம்பியைச் சிறையிலிருந்து மீட்க வேண்டும், அதற்கு விலையாக வைக்க அவளிடம் இருப்பது இந்த ஒரு செய்திதான். இப்போது சபையில் எல்லாரும் தேடி வருவது அவளை. பணிப்பெண் வேஷத்தை எழுதும் விதம் இது. உங்கள் தோழிதான் அதைப் போட வேண்டும் என்றில்லை. சீட்டில் அவர் என்ன எழுதினாரோ அதைக் கொடுங்கள்.

ஜோடி போடாதீர்கள். அரசன்–அரசி, காதலன்–காதலி என்று இருவரைக் கோத்துவிட்டால் அன்று முழுக்க மற்றவர்கள் அதையே வைத்துக் கலாய்ப்பார்கள்; வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ பக்கத்தில் நின்று புன்னகைக்க வேண்டியிருக்கும். அக்காள்–தம்பி, குரு–சீடன், கடன் கொடுத்தவன்–வாங்கியவன் உறவுகளில் இதைவிட நல்ல சண்டை வரும். சாதிப் பெயர்களும் வேண்டாம். சரித்திரத்தில் இருந்ததே என்பார்கள். இருந்தது, உங்கள் அறையில் இருப்பவர்களின் பாட்டன் பாட்டிமாரும் அதில்தான் இருந்தார்கள்.

உங்கள் கணவர். 1015ல் சோழத் தூதுக் குழு ஒன்று சீனத்துச் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு 1033லும் 1077லும் போயிருக்கிறார்கள். அப்படி ஒரு பயணத்துக்குக் கிளம்பத் தயாராகும் மொழிபெயர்ப்பாளர் வேஷம் அவருக்கு அழகாகப் பொருந்தும், சீனத்தில் பேசினாலும் கதை கெடாது. ஆனால் அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே எச்சரிக்கை தேவை. பணிப்பெண் விஷயத்தில் செய்த அதே தவறுதான் இதுவும்: ஆளைப் பார்த்து வேஷம். அவருக்கும் மற்றவர்களைப் போலச் சீட்டுக் கொடுங்கள். அவர் அரசனாக ஆசைப்பட்டால் தாராளமாக ஆகட்டும். மூன்று தமிழ் வாக்கியம் மனப்பாடம் செய்து அவர் ஆணையிட, அதை எழுதிய கணக்கர் "எனக்குக் காணி என்றுதான் காதில் விழுந்தது" என்று வாதாடினால் உங்கள் கதைக்கு இன்னொரு முடிச்சு கிடைக்கிறது. இதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வேஷத்துக்காகவும் தோலைக் கறுப்பாக்கும் மேக்கப் வேண்டாம். 2019ல் இங்கே ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் இந்தியராகத் தோல் நிறத்தை மாற்றி வந்தது எத்தனை மனக்கசப்பில் முடிந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். நமக்குள்ளேயே நடந்தாலும் கசப்புக் கசப்புதான்.

மொழிக்கு வருகிறேன். செந்தமிழ் வராது என்று கவலைப்படுகிறீர்கள். வந்தால்தான் தொல்லை. "பிரபு! தங்கள் ஆணை என் சிரமேற்கொண்டேன்" என்று ஆரம்பிப்பவர் இருபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்குவார், மற்றவர்கள் அவரைப் போலப் பேச வராமல் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த நடை பழைய நாடகக் கம்பெனிகளிடமிருந்து சினிமாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ராஜராஜனே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று நம் வீட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகிறான். குடுத்தன என்று பேரரசன் சொல்லலாமென்றால் உங்கள் தளபதி "குடுத்துட்டேன்" என்று சொல்வதில் குற்றமில்லை.

விளிச்சொற்களை மட்டும் முன்கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள். அரசனை "உடையார்", அக்காளை அரசன் மட்டும் "அக்கா", மற்றவர்கள் "பிராட்டியார்". அதிகாரிகளைப் பதவிப் பெயரால் கூப்பிடலாம். ஒரு நாள் முன்னதாக எல்லாரும் இதைப் பத்து நிமிடம் பேசிப் பழகினால் போதும், அன்றைக்கு நிஜப் பெயர் வாயில் வராது. ஆங்கிலம் கலந்துவிட்டால் அபராதம் என்று வைக்காதீர்கள். இங்கே பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயந்து நின்ற ஞாபகம் பாதிப் பேருக்கு இருக்கும். அது திரும்ப வந்தால் பேச்சே நின்றுவிடும்.

உடை. சோழர் காலம் என்றதும் தகர மார்புக் கவசம், முழங்கால் வரை அங்கி, கோபுரம் போல் கிரீடம் என்று வாடகைக்கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பெரிய கோயில் சுவரில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து 1931ல் கண்டெடுக்கப்பட்ட சோழர் ஓவியங்களைப் படத்தில் பாருங்கள். ராஜராஜனும் அவன் குரு கருவூர்த் தேவரும் என்று பலர் அடையாளம் சொல்லும் ஓவியத்தில் தலையில் கிரீடமே இல்லை, முடியை அள்ளி முடிந்திருக்கிறது. கிரீடச் செலவு மிச்சம். நேரில் பார்க்க வேண்டுமானால் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போய், தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளில் ஆடை மடிப்பு இடுப்பில் எங்கே விழுகிறது, தோளில் வங்கி என்ற வளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வரலாம்.

ஆண்களுக்குப் பஞ்சகச்சம். நாலு முழம் பத்தாது. தேக்காவில் வேட்டிக் கடைகளில் ஒன்பதைந்து, பத்தாறு என்று கேளுங்கள். வேட்டி ஒன்பது முழம் துண்டு ஐந்து முழம், அல்லது பத்தும் ஆறும். ஒல்லியானவருக்கு ஒன்பது போதும், இடுப்பு நாற்பது அங்குலத்துக்கு மேல் என்றால் பத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பின்கச்சத்துக்குத் துணி எட்டாது. பருத்திதான் வேண்டும். பாலியஸ்டர் கலந்த பளபள வேட்டி வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒருவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியேதான் அரசாள வேண்டியிருக்கும். உள்ளே முழங்காலளவு நிக்கர், மேலே மெல்லிய பெல்ட், பின்கொசுவத்தில் இரண்டு ஊக்கு. துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டால் பெல்ட் மறையும், பார்க்கவும் அந்தக் காலத்து இடைக்கட்டுப் போலவே இருக்கும். மார்பைத் திறந்து போடக் கூச்சப்படுகிறவர் கழுத்து வட்டமான வெளிர்ப் பழுப்புச் சட்டை போடட்டும்.

பெண்களுக்கு ஆறு கஜப் புடவையே போதும். புடவையின் உடல் வெறுமையாக, கரை மட்டும் பட்டையாக உள்ளதாக எடுங்கள். உடல் முழுக்கப் பூவும் கல்லும் வைத்தது காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முந்தானையைத் தோளில் போடாமல் இடுப்பிலேயே சுற்றி முன்னால் விசிறி மடிப்பாக விட்டு, மேலே தனியாக ஒரு துப்பட்டாவைக் குறுக்கே போட்டால் சிலைகளில் இருக்கும் கோடு கிடைத்துவிடும். ரவிக்கை அந்தக் காலத்தில் உண்டா என்று ஒரு புத்திசாலி கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டாம். யாருக்கு எது வசதியோ அது. நகைக்குப் பரதநாட்டிய நகைத் தொகுப்பை இரவல் வாங்குங்கள்: நெற்றிச்சுட்டி, வங்கி, ஒட்டியாணம் போதும், மற்றதை விடுங்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பணிப்பெண்ணுக்கும் கணக்கருக்கும் அழுக்குத் துணி, அரசிக்கு மட்டும் பட்டு என்று பிரித்தால் புகைப்படத்தில் பழைய காயம் மறுபடி தெரியும். எல்லாருக்கும் ஒரே தரத்துணி, நிறத்தால் மட்டும் வேறுபடுத்துங்கள். அரச குடும்பத்துக்கு அரக்கு, அதிகாரிகளுக்கு மஞ்சள், வெளியூரார்க்கு நீலம். யார் எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிவதால் நடிப்பதற்கும் வசதி.

டிசம்பர் மழைக்காலம். உடுத்திக்கொண்டு ரயிலில் வராமல், அறைக்கு வந்து மாற்றிக்கொள்ளும்படி முக்கால் மணி நேரம் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒட்டுத் தாடி வேண்டாம். வியர்வையில் ஓரம் கிளம்பும், பசை சிலருக்கு அரிக்கும். ஆசைப்பட்டே தீருவேன் என்பவர் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் பசை தடவிப் பார்த்துவிட்டு வரட்டும்.

வாளும் வேண்டாம் என்பேன். உலோகமானால் வழியில் யாராவது பார்த்துப் பயப்படுவார்கள், ஃபோமில் செய்தால் ஆண்கள் எல்லாரும் ஓரமாகப் போய் அடித்துக்கொள்வார்கள், கதை நின்றுவிடும். உங்களுக்கு வேண்டிய ஒரே பொருள் ஓலை. அதை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். தடித்த பழுப்புத் தாளை 30 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் நான்கு தேயிலைப் பை போட்டு ஆறவைத்து, அதில் பத்து நிமிடம் நனைத்துத் துணிமேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே எழுத வேண்டும், ஈரத்தில் எழுதினால் மை பரவிவிடும். ஜெல் பேனா கை வியர்வைக்கே கரையும், அழியா மை பேனாவால் எழுதுங்கள். இரண்டு முனையிலிருந்தும் ஏழெட்டு செ.மீ. உள்ளே தள்ளித் துளையிட்டு, நான்கைந்தைச் சேர்த்துக் கயிறு கோத்தால் சுவடி. மூன்று மா என்று ஒன்று, மூன்று காணி என்று ஒன்று, பாதி எரிந்த மாதிரி கிழித்தது ஒன்று. நிஜமாகவே எரித்து ஓரம் கருக்காதீர்கள், அறையின் புகை எச்சரிக்கை மணி சோழர் காலத்தில் இல்லை. குத்துவிளக்குக்கும் பாட்டரி விளக்கே வையுங்கள்.

சாப்பாட்டில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, அன்னாசி, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வந்த பிறகு நம்மிடம் சேர்ந்தவை. மிளகாய் போனால் சாப்பாடு சப்பென்று இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். மிளகும் சுக்கும் திப்பிலியும் வைத்துச் சமைத்தவர்கள் நாம். பதின்மூன்று பேருக்கு, மற்ற பண்டங்களும் இருப்பதால், மிளகுப் புளியோதரைக்கு ஒரு கிலோ அரிசி போதும்: புளி 150 கிராம், நல்லெண்ணெய் 150 மி.லி., வறுத்துப் பொடித்த மிளகு 25 கிராம், வெள்ளை எள் 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. புளிக்கரைசலை எண்ணெய் பிரியும்வரை சுண்ட விட்டு, மிளகுப்பொடியைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை போய்க் கசப்பு மட்டும் நிற்கும். கூடவே தயிர்ச்சோறு, வாழைக்காய் வறுவல், பாசிப்பயற்றுச் சுண்டல், அப்பம், பானகம். தே தாரிக் கேட்டு அழுபவர்களைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நேரக் கணக்கு. மாலை ஆறரைக்கு உடை மாற்றல், ஏழேகாலுக்கு ஆரம்பம். முதல் அரை மணி அட்டையில் உள்ள ஐந்தாவது காரியங்கள். பிறகு சாப்பாடு, பாத்திரத்திலேயே இருந்தபடி. பேரமெல்லாம் இலையில்தான் நடக்கும். எட்டரைக்கு இரண்டாவது ஓலை வெளிவர வேண்டும். பேச்சு தானாகவே சூடுபிடித்திருந்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒன்பதேகாலுக்கு அரசன் சபை கூட்டித் தீர்ப்பு. பத்து மணிக்குள் அறையைத் துடைத்து ஒப்படைத்துவிடுங்கள். இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்கள், எந்தக் கூட்டத்திலும் உண்டு. அவர்களைத் தடுக்காமல் வேலை கொடுங்கள்: "தூதரே, அரசன் உங்களைத் தனியே காண விரும்புகிறார்" என்று ஒரு சீட்டு நீட்டினால் அறையின் மறு மூலைக்குப் போய்விடுவார். யாருக்காவது உண்மையிலேயே சங்கடமானால் கையை உயர்த்தி "மழை வருது" என்றால் எல்லாரும் உடனே பாத்திரத்தை விட்டு வெளியே வர வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. புகைப்படம் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும், படத்தில் இருக்கிறவரைக் கேட்காமல் வெளியே போட வேண்டாம்.

உடை, காலம் எல்லாம் பார்த்துச் சிலர் மிரண்டால் சோழரை விட்டு 1950களின் சிங்கப்பூருக்கு வந்துவிடுங்கள். 1952ல் தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளுக்கு மேடை போடும் ஒரு மாலை என்று வைத்தால், அச்சுக் கோப்பவர், கடற்படைத் தளத்துக் குமாஸ்தா, பால்காரர், பொற்கொல்லர், பள்ளி ஆசிரியை என்று வேஷம் கொட்டிக் கிடக்கிறது. அரசன் இல்லாததால் ஆண்டான் அடிமைப் பிரச்சினையும் பாதி குறையும். பாட்டி அலமாரியில் உடை இருக்கும். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தில் அந்தக் காலத்துப் படங்களும் பொருள்களும் பார்க்கலாம்.

கடைசியாக மறுபடி உங்கள் தோழி. போனில் பேசிய பிறகும் "எனக்கு நடிக்க இஷ்டமில்லை" என்றால், கதை நடத்துகிற இடத்தை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். சீட்டு வாங்குவது, அட்டை எழுதுவது, யாருக்கு எது என்று முடிவு செய்வது எல்லாம் அவர் கையில். அப்போது நீங்கள் நடிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் அவரை விட்டுவிடுங்கள், மற்றவர்களை விட்டு வற்புறுத்தச் சொல்ல வேண்டாம். அப்படியானால் பணிப்பெண் அட்டையை இன்னொருவருக்குக் கைமாற்றாமல், அந்தப் பாத்திரத்தையே இந்த முறை எடுத்துவிட்டு, எண்ணை மாற்றியதைப் பார்த்த சாட்சியாகத் தளிச்சேரிப் பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அட்டை மட்டும் திருத்தினால் போதும், கதை நிற்கும்.